சின்னான் பாடி முடித்த பிறகு

சின்னான் பாடி முடித்தது.

ரெஜினா ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள்.

இப்போது அவர் பேச வேண்டும்.

பேசவில்லை. அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது.

"அவரு சத்தத்தக் காணோமே பாப்பா."

கணினி முன்னால் இருந்த இலக்கியா திரும்பினாள். பறவை ஆராய்ச்சி செய்கிற பெண்.

"யாரு சத்தம்மா?"

அவள் புருஷன் அமலதாஸ் பதினோரு வருடம் ஒரு பள்ளத்தாக்கில் வனக்காவலராக இருந்தார். மழை எட்டிப் பார்க்காத மலைச்சரிவு. பாறை, முள், பாறை. மஞ்சள்தொண்டைச் சின்னான் என்கிற பறவை அங்கேதான் இருக்கிறது. ஆளைக் கண்டால் புதருக்குள் போய்விடும். அதன் பாட்டைப் பிடிக்க ஆராய்ச்சிக்காரர்கள் அவரிடம் ஒரு ரெக்கார்டர் கொடுத்திருந்தார்கள்.

பாட்டு முடிந்ததும் ரெக்கார்டரை வாயருகே வைத்து தேதி, இடம், காற்று எப்படி என்று சொல்ல வேண்டும். அது வழக்கம்.

ஒருநாள் அவள் சோறு கொண்டுபோயிருந்தாள். அவர் மெல்லிய குரலில் சொன்னார். ஏப்ரல் ஏழு. யானைப்பாறைக்குக் கீழே. காற்று இல்லை.

பிறகு, "ரெஜினாவும் கூட இருக்கா."

"ஆராய்ச்சிக்காரங்களுக்கு எம்பேரு எதுக்குய்யா?"

"இருக்கட்டும். நீயும் ஒரு பறவதான்."

மாசியில் அவர் போய்விட்டார். வீட்டில் ஒரு போட்டோ இருக்கிறது. குரல் இல்லை. அதற்காகத்தான் இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

இலக்கியா சிரித்தபடி சொன்னாள். "ஓ, அதுவா! அதெல்லாம் வெட்டிட்டேம்மா. ஆள் பேச்சு இல்லாம பறவ மட்டும் இருக்கணும்னு ஒரு மாசம் உக்காந்து செஞ்சேன். எவ்ளோ சுத்தமா கேக்குது பாத்தீங்களா?"

"வெட்டுனது எங்க?"

"ரெக்கார்டரப் புது வாட்சருக்குக் குடுத்தாச்சு. கார்டை அழிச்சிட்டுத்தான்…"

நிறுத்திக்கொண்டாள்.

"அவர் சொன்னத டைப் பண்ணி வச்சிருக்கேம்மா. ஒண்ணு விடல."

திரையைத் திருப்பிக் காட்டினாள்.

ஏப்ரல் 7. யானைப்பாறைக்குக் கீழே. காற்று இல்லை.

அவ்வளவுதான் இருந்தது.

அவள் அந்த வரியின் முடிவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா… எனக்குத் தோணவே இல்லம்மா."

"ஒம்மேல என்ன இருக்கு. ஒனக்குப் பறவ. கண்ணத் தொடச்சுக்க. மிச்சத்தயும் போடு."

இருநூற்றுப் பதினான்கு பாட்டு. ஒன்றுவிடாமல் கேட்டாள். ஒவ்வொன்றும் முடியும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொன்றும் சரியாக, சுத்தமாக முடிந்தது.

நூற்று முப்பத்தொன்றாவது மட்டும் பாதியில் நின்றது.

ஒரு கல் உருண்டது. சிறகு அடிக்கிற சத்தம்.

பிறகு ஒன்றுமில்லை.

"இது கெட்டுப்போனதும்மா. பறவ பறந்திருச்சு. தள்ளிரவா?"

அவள் கையை உயர்த்தித் தடுத்தாள். பாட்டைப் பின்னால் ஓட்டச் சொல்லி விரலால் காட்டினாள்.

பாட்டு. கல். சிறகு.

"மெதுவாக் கால வையின்னு எத்தன தடவய்யா சொல்றது," என்றாள்.

மறுபடி போடச் சொன்னாள்.