பன்னிரண்டு சென்டிமீட்டர்

திராட்சைத் தோட்டத்து உரமெல்லாம் மழைத் தண்ணீரோடு வந்து சேர்ந்ததில், சின்னமனூர்ப் பக்கத்துக் கண்மாய் ஒன்று பாசி பிடித்துப் பச்சைப் பெயின்ட் கொட்டியது போலக் கிடந்தது. மீன்கள் செத்து மிதந்தன. மாடுகள் வாய் வைக்கவில்லை.

பாசி எப்போது அடங்கும் என்று பார்க்க, நீர் ஆய்வாளர் அனுசுயா தேனிக்குப் பக்கத்துப் பழனிசெட்டிபட்டியில் உட்கார்ந்து, தண்ணீரின் போக்கைக் கணிக்கும் ஒரு மாடலைக் கம்ப்யூட்டரில் ஓட்டினாள். அது ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரங்களுக்காக எழுதிய மாடல். கடல் தினம் இரண்டு தடவை எவ்வளவு ஏறி இறங்கும் என்று கேட்கும் ‘கடல் ஏற்றம்’ என்ற கட்டத்தை நிரப்பாமல் மேலே போகவே மாட்டேன் என்றது. கடலுக்கும் தேனிக்கும் என்னய்யா சம்பந்தம்? எரிச்சலில் வாய்க்கு வந்தபடி பன்னிரண்டு சென்டிமீட்டர் என்று அடித்தாள். ஒரு மாதத்தில் தெளியும் என்றது மாடல்.

நாலாம் நாள், அந்தக் கண்மாயில் மீன் குத்தகை எடுத்திருந்த பிச்சைமணி போன் செய்தார்.

“தாயி, மழையும் இல்ல, மடையும் தெறக்கல. தெனம் ரெண்டு தடவ தண்ணி அரைச் சாண் ஏறி எறங்குது. எறங்கையில பாசியையும் இழுத்துக்கிட்டுப் போகுது. எங்கன போகுதுன்னுதான் தெரியல.”

அனுசுயா போய்ப் பார்த்தாள். படித்துறைக் கல்லில் ஈரக்கோடு தெரிந்தது. ஸ்கேலை வைத்தாள். சரியாகப் பன்னிரண்டு. கரையோரம் தண்ணீர் தெளிந்து, மீன்குஞ்சுகள் ஓடின.

தப்பான எண்ணைத் திருத்தத்தான் அன்று மாலை மாடலைத் திறந்தாள். பூஜ்யம் அடிக்கப் போன விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பன்னிரண்டை அழித்துவிட்டு இருபது என்று போட்டாள். பதினைந்தே நாள் என்றது மாடல்.

பிச்சைமணிக்குப் போன் செய்தாள்.

“அண்ணே, நாளையிலருந்து கரையில கட்டுற மாட்டக் கொஞ்சம் மேடாப் பாத்துக் கட்டுங்க.”