அக்காத் பேரரசரின் பாதங்கள்

“காலில விழமாட்டன். தலையை வெட்டினாலும் விழமாட்டன்,” என்றார் லகாஷ் நகரத்து மன்னர்.

அக்காத் பேரரசர் சிம்மாசனத்தில் இருந்தபடி கொட்டாவி விட்டார். “கெதியா விழும் ஐசே. எனக்குப் பசிக்குது.”

புலம்பெயர்ந்த தமிழர் நிறைந்த அஜின்கோர்ட்டில் ஒரு பள்ளிக்கூட மண்டபம். நாளை நாடகம், இன்று கடைசி ஒத்திகை. லகாஷ் மன்னராகக் கோணேஸ்வரன், பேரரசராக இரத்தினவேல். இருவரும் யூனியன்வில்லில் ஒரே தெருக்காரர். கோணேஸ்வரன் ஓட்டும் வானில் ஒன்றாக வந்து அதிலேயே திரும்புகிறவர்கள். சண்டையெல்லாம் மேடையில்தான்.

நிரூபா தலையில் கையை வைத்தாள். பல்கலைக்கழகத்தில் மெசப்பொத்தேமிய வரலாறு படித்தவள் அவள். படித்தது வீணாகக் கூடாதென்று இந்த நாடகத்தை எழுதி நெறியாள்கையும் செய்தாள்.

“அங்கிள், ப்ளீஸ். சுமேரிய நகரங்களைப் பிடிச்ச அக்காத்காரர் உள்ளூர் மன்னர்களில கொஞ்சப் பேரை அப்பிடியே பதவியில விட்டவை. அடங்கி நடந்தபடியால்தான் அவையின்ர கதிரை தப்பினது. ‘நான் உங்கள் அடிமை’ எண்டு தங்கட முத்திரையிலயே வெட்டி வச்சிருந்தவை!”

“அவைக்கு முன் வரிசையில சம்பந்தியாக்கள் இருந்தவையோ?”

அதுதான் விஷயம். கோணேஸ்வரனின் மகனுக்கு வைகாசியில் கல்யாணம். பெண்ணின் தாய் கமலாம்பிகையிடம், “நாடகத்தில நான் ராசா” என்று பெருமையாகச் சொல்லிவிட்டார். அந்த அம்மா இரண்டு கார் நிறைய ஆட்களோடு வருகிறாராம். மாப்பிள்ளையின் தகப்பன் இன்னொருவர் காலடியில் குப்புறக் கிடப்பதை அத்தனை பேரும் பார்த்துவிட்டால், கல்யாணச் சபையில் எந்த முகத்தோடு இருப்பது?

“குனிஞ்சு ஒரு கும்பிடு போடுறன். அவ்வளவுதான்.”

“நோ அங்கிள். விழோணும். அவர் உங்கட கழுத்தில காலை வைப்பார். சரித்திரத்தை மாத்தேலாது.”

“நான் மெதுவாத்தான் வைப்பன்,” என்றார் பேரரசர். “செருப்பும் புதுசு.”

மறுநாள் மாலை மண்டபம் நிரம்பியிருந்தது. வெளியில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. முன் வரிசையில் கமலாம்பிகை, பட்டுச்சேலையும் மடியில் வின்டர் ஜாக்கெட்டுமாக.

“லகாஷின் மன்னனே, பணி!”

இரத்தினவேலின் குரலுக்கு மைக் தேவையில்லை. இன்று அவர் உயிரோடு இல்லை. கேட்டவர்கள் காதில் அந்தக் குரல் இன்னும் நிற்கிறது.

கோணேஸ்வரன் அசையவில்லை.

“பணி என்கிறேன்!”

“உவர் ஏன் எங்கட சம்பந்தியை விரட்டுறார்?” என்று கமலாம்பிகை பக்கத்திலிருந்தவரைக் கேட்டது மேடைவரை கேட்டது. கோணேஸ்வரனுக்குக் காது மடல் சிவந்தது.

“அங்கிள், டைம் போகுது!” என்று திரைக்குப் பின்னால் நிரூபா கெஞ்சினாள்.

கோணேஸ்வரன் சிம்மாசனத்துப் படிகளில் மெல்ல ஏறினார். பேரரசரின் காதருகே போய் ஏதோ சொன்னார்.

பேரரசரின் முகம் மாறியது. யன்னல் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு கிரீடத்தைக் கழற்றிச் சிம்மாசனத்தில் வைத்தார். இறங்கி வந்தார். லகாஷ் மன்னரின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. “இப்ப சரி,” என்றார் கமலாம்பிகை.

திரை மூடியதும் நிரூபா ஓடிவந்தாள். அழுவதா சிரிப்பதா என்று அவளுக்கே தெரியவில்லை.

“ஓ மை காட், அங்கிள்! நாலாயிரம் வருசத்துச் சரித்திரம்! ஒரு பேரரசையே கவிட்டுப்போட்டியள். அப்பிடி அவற்ர காதில என்ன சொன்னனீங்கள்?”

மன்னர் ஒட்டுத்தாடியை நோகாமல் உரித்தார்.

“ஒண்டுமில்லைப் பிள்ளை. இண்டைக்கு என்ர வானில வாறீரோ, பஸ்ஸில போறீரோ எண்டு கேட்டனான்.”