நிலத்துக்கும் சேர்த்து ஒரு காப்பீடு

காலைப் பத்து மணி. சமையலறை மேஜையில் கைபேசி மல்லாந்து கிடக்கிறது. ஸ்பீக்கரில் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் காத்திருப்பு இசை பதினோராவது நிமிடமாக ஓடுகிறது. பக்கத்தில் புதுப்பிப்புக் கடிதம். கட்ட வேண்டிய தொகை போன வருடத்தைப் போல இரண்டு மடங்கு. குறையாவிட்டால் இனி வீட்டுக்குக் காப்பீடே கிடையாது என்று தச்சரின் மனைவி தீர்த்துச் சொல்லிவிட்டாள். பக்கத்து வீடு விற்ற விலையைக் கேட்டுவிட்டு, படிவத்தில் தங்கள் வீட்டுக்கும் அதே மதிப்பை நிரப்பியவர் தச்சர்தான். இசை சட்டென்று நிற்கிறது. "சார், நிலத்தையும் சேர்த்தா மதிப்பு போட்டீங்க?" என்கிறது ஒரு பெண்குரல். "சேர்க்காம? நிலம் இல்லாம வீடு அந்தரத்துலயா நிக்கும்?" மனைவி தலையில் அடித்துக்கொள்கிறாள். அந்தக் குரல் சிரிக்கிறது. "வீடே எரிஞ்சாலும் நிலம் அங்கேயேதானே சார் இருக்கும்? திரும்பக் கட்டுற செலவை மட்டும் போட்டா போதும்." மறுமுனையில் விசைப்பலகை தடதடக்கிறது. புதுத் தொகை போன வருடத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். "நல்லா கணக்குப் போட்டீங்க மகாராசா," என்று முணுமுணுக்கும் மனைவியின் முகத்தில் இப்போது கோபம் இல்லை. "கடைசியா ஒண்ணு சார். கதவு, ஜன்னல் எல்லாம் சாதாரண மரம்தானே? உசத்தி மரம்னா தொகை கொஞ்சம் ஏறும்." திறந்த வாயைத் தச்சர் மூடிக்கொள்கிறார். தன்னால் ஏறியது போதும். மனைவி கைபேசிப் பக்கம் குனிகிறாள். "தேக்கும்மா. அத்தனையும் எங்க வீட்டுக்காரர் கையால இழைச்சது. ஏறினா ஏறட்டும், எழுதிக்கோ." ஜன்னலைப் பார்க்கிற சாக்கில் தச்சர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.