அரசனின் இருமல்

மார்ச் மாதம் ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை, மாலை ஆறரை மணிக்கு நகராட்சி அரங்கில் முழு ஒத்திகை தொடங்கியபோது, மேடை நடுவே அரசன் இல்லை. ஒரு நாற்காலி இருந்தது.

நாற்காலியின்மேல் ஒரு சாவிக்கொத்து. மணிமுடிக்குப் பதில் அது.

நாடகம் நானூறு ஆண்டுப் பழைய ஆங்கிலத் துன்பியல். ஆட்சி செய்து களைத்த அரசன் ஒருவன், தன் இரண்டு மகள்களையும் எதிரே நிறுத்தி விசாரிக்கிறான். இளம் இயக்குநர் அரண்மனையைக் கலைத்துவிட்டு, கதையை ஒரு லாரி நிறுவனத்தின் அலுவலகத்துக்குக் கொண்டுவந்திருந்தார். அரசன் முதலாளி. மூத்தவள் வண்டிகளைக் கவனிக்கிறாள், இளையவள் சரக்கை.

மூத்த மகளாக நடித்தவளுக்கு லாரியோடு வழக்கில்லை. அவளுடைய வழக்கெல்லாம் நாற்காலியோடுதான்.

அரசன் அவள் கணவருடைய வேடம். வீட்டில் மனைவி, மேடையில் மகள் என்று குழுவினர் செய்யும் கேலி, பழைய பாணியில் அங்கியும் வாளுமாக இதே நாடகத்தை ஆடிய காலத்திலிருந்தே அவளுக்குப் பழக்கம். சென்ற மழைக்காலத்தில், அறுவைச் சிகிச்சை செய்து அவருடைய குரல்வளையை அகற்றினார்கள். அந்த இடத்தில் இப்போது ஒரு துளை; அதன்மேல் ஒரு கழுத்துத்துணி.

அரசன் பேசவும் வேண்டாம், இருக்கவும் வேண்டாம் என்றார் இயக்குநர். மகள்கள் வெறுமைக்குப் பதில் சொல்லட்டும் என்றார்.

“வாய் போனவருக்கு உட்கார இடமும் கிடையாதா, தம்பி?”

“இது ஒரு கருத்து, அக்கா. ஆளைப் பத்தினது இல்ல.”

அன்று காலை அவள் கணவர் தம் ஒப்பனைப் பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டார். அது மறுபடி இறங்குமா, இறங்காதா என்பது இந்த ஒத்திகையைப் பொறுத்தது. நாற்காலி நிலைத்துவிட்டால் இனி எந்த அரங்கின் வாசலையும் அவர் மிதிக்கமாட்டார். அதை அவர் எழுதிக் காட்டவில்லை. பெட்டிக்குப் பூட்டுப் போட்ட விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இப்போது அவர் கடைசி வரிசையில், நடைபாதை ஓரத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ‘இளவரசர்’.

ஐம்பதைத் தாண்டியவருக்குக் குழு சூட்டிய பட்டம் அது. அரசனுக்கு உடல்நலமில்லாத நாளில் ஏறி நடிப்பதற்காக வைத்திருந்த மாற்று நடிகர். அரசனின் வசனம், நடை, தோளை உயர்த்தும் விதம் எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அந்த நாள்தான் வரவே இல்லை. வந்தபோது நாற்காலி முந்திக்கொண்டது.

இலவு காத்த கிளி, என்று அவள் நினைத்தாள். பஞ்சும் பறந்தது, இப்போது துக்கம் விசாரிக்கப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறான். நுழையும்போது அவனுக்கு ‘வாங்க’ என்ற ஒரு சொல்லைக்கூட அவள் செலவழிக்கவில்லை.

விசாரணைக் காட்சி வந்தது.

அந்த இடத்தில் அரசன் கேட்கும் கேள்விக்கு முன்னால் ஓர் இருமல் உண்டு. மூல நாடகத்தில் கிடையாது. என்றோ ஒரு நாள் அவள் கணவருக்குச் சளி பிடித்திருந்தபோது வந்து, அப்படியே ஒட்டிக்கொண்டது. அதைக் கேட்டதும் மகள்கள் தலை நிமிர்வார்கள். வசனத்தை மறந்தவர் உண்டு. அந்த இருமலைத் தவறவிட்டவர் இல்லை.

இப்போது அங்கே வெறும் மௌனம். மூன்று மூச்சு விட்டுப் பதிலைத் தொடங்குங்கள் என்பது இயக்குநரின் கட்டளை.

அவள் சாவிக்கொத்தைப் பார்த்தபடி நின்றாள். ஒரு மூச்சு. இரண்டு.

இருமல் கேட்டது.

தாழ்வாக, வறண்டு, துருப்பிடித்த தாழ்ப்பாள் விலகுவதுபோல.

அவள் திரும்பிவிட்டாள். இளையவளாக நடித்த பெண்ணும் திரும்பிவிட்டாள். நாற்காலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இருவரும் கடைசி வரிசையை நோக்கி நிமிர்ந்து நின்றார்கள். ஒத்திகை பார்க்க வந்திருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் இருக்கையில் வளைந்து பின்னால் பார்த்தார்கள்.

அத்தனை கண்களும் தம்மேல் விழுந்ததும், அவள் கணவரின் முதுகு தானாக நேரானது. கை உயர்ந்து கழுத்துத்துணியைச் சரிசெய்தது. பிறகு தம் மூத்த மகளை, சொல் என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார்.

அவள் சொன்னாள். அந்த நீண்ட பதில் முழுவதையும், ஒரு சொல் பிசகாமல், அவரிடமே சொன்னாள்.

சொல்லி முடித்த பிறகுதான் மருத்துவர் சொன்னது நினைவுக்கு வந்தது. அந்தத் தொண்டையிலிருந்து இனி இருமல்கூட வராது. கழுத்துத் துளைவழியே மூச்சு சீறும், அவ்வளவே.

பக்கத்து இருக்கையில் இளவரசர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இயக்குநர் மேடைக்கு ஓடிவந்தார்.

“நிறுத்துங்க! யாரு இருமினது?”

“ராஜாதான், தம்பி. வேற யாரு இருமுவா இங்கே?”

இயக்குநர் அவளைப் பார்த்தார், கடைசி வரிசையைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார்.

அன்றே முடிவாயிற்று. நாற்காலி மேடையிலிருந்து அகற்றப்படும். அரசன் பார்வையாளரோடு கடைசி வரிசையில், நடைபாதை ஓரத்தில், மடியில் சாவிக்கொத்தோடு அமர்ந்திருப்பார். அவருக்கு வசனம் இல்லை. மகள்கள் பார்வையாளரின் தலைக்குமேலாக அவருக்குப் பதில் சொல்வார்கள். அறிவிப்புத் தாளில் அரசன் வேடத்துக்கு நேரே பழைய பெயரே இருக்கும்.

அவருக்கு அடுத்த இருக்கை எந்த நாளிலும் விற்கப்படாது. அதில் அமர்பவரின் பெயர் எங்கும் அச்சிடப்படாது. இளவரசர் அப்படித்தான் கேட்டுக்கொண்டார்.