அரைக்கதவு

கடைசியாக அவரை உயிரோடு பார்த்தபோதும் அவர் குனிந்துதான் நின்றார்.

மேனேஜர் அறையின் அரைக்கதவுக்கு வெளியே, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, தலையைத் தாழ்த்திக்கொண்டு. வருடக்கணக்காக ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அப்படிக் குனிகிற பியூனுக்கு ஆபீஸ் வைத்திருந்த பெயர், கும்பிடு.

"தரிசனம் ஆச்சா?" என்றான் குமாஸ்தா பின்னாலிருந்து.

பியூன் நிமிர்ந்தார். "இன்னும் இல்லை தம்பி."

"என் லீவு லெட்டர் என்ன ஆச்சு? வெள்ளிக்கிழமை கொடுத்தேன். இன்னிக்குச் செவ்வாய்."

"பத்திரமா இருக்கு." சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். "நேரம் பார்த்துதான் கொடுக்கணும். அவர் இன்னும் கழட்டலை."

"எதைக் கழட்டலை? உங்களுக்குத்தான் மறை கழண்டிருக்கு."

குமாஸ்தாவின் மனைவி அம்மா வீட்டில் பிரசவத்துக்குக் காத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போன முறை இவன் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அந்தக் குழந்தை தங்கவில்லை. முகத்தைக்கூட இவன் பார்க்கவில்லை. இந்த முறை பக்கத்திலேயே இருப்பேன் என்று அவளிடம் வாக்குக் கொடுத்திருந்தான்.

மேனேஜரோ சிவப்பு மையில் 'இல்லை' என்று எழுதிவிட்டால் எழுதியதுதான். அந்த மாதம் முழுக்க அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது.

"கும்பிடு போட்டே காலத்தை ஓட்டற ஆளு நீங்க. அடுத்தவன் அவசரம் உங்களுக்கு எங்கே தெரியப்போகுது? கொடுங்க இப்படி. நானே கொடுத்துக்கறேன்."

பியூன் கடிதத்தை எடுத்து நீட்டினார். மடிப்புகூடக் கலையவில்லை.

"கொடுங்க தம்பி. ஆனா அவர் கழட்டறதுக்கு முன்னால உள்ளே போயிடாதீங்க."

மறுநாள் அவருடைய ஸ்டூல் காலியாக இருந்தது. விடியற்காலையில் நெஞ்சு வலி. ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும்தான்.

எல்லோரும் போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்தார்கள். வியாழக்கிழமை காலை குமாஸ்தா கடிதத்தோடு எழுந்தபோது டைப்பிஸ்ட் அக்கா தடுத்தாள்.

"இப்பப் போகாதே. வந்ததும் வராததுமா ரெண்டு பேருக்குச் சிவப்பு மை."

"எனக்கு வேற வழி இல்லைக்கா. சாயங்காலம் அஞ்சரைக்கு பஸ்."

"அந்த மனுஷன் கையால கொண்டுபோன லெட்டர் எதுக்காவது சிவப்பு மை விழுந்திருக்கா? இப்பத்தான் எனக்கே உறைக்குது."

அவன் காதில் வாங்கவில்லை. அரைக்கதவு முன்னால் போய் நின்றான். மடிப்பைப் பிரிக்கையில் கடிதம் நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தான்.

கதவுக்கு அடியில், மேஜைக்குக் கீழே, மேனேஜரின் கால்கள் தெரிந்தன. கறுப்பு ஷூ. வலது கால் தரையை விடாமல் தட்டிக்கொண்டிருந்தது.

இன்னும் கழட்டலை.

குமாஸ்தா கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தான். பிறகு கடிதத்தை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பினான்.

அரை மணிக்கு ஒருமுறை போய்க் குனிந்தான். புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"ஒருத்தர் போனா இன்னொருத்தர்" என்றான் ஒருவன், இவன் காதில் விழும்படியாகவே.

மூன்றே கால் மணிக்குக் குனிந்தபோது ஷூ இரண்டும் ஓரமாகக் கிடந்தன. சாக்ஸ் போட்ட ஒரு கால் இன்னொரு காலைச் சுகமாகச் சொறிந்துகொண்டிருந்தது.

உள்ளே போனான்.

மேனேஜர் கடிதத்தைப் படித்தார். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார்.

"பதினஞ்சு நாள் போதுமாய்யா?"

"போதும் சார்."

"இருபதுன்னு மாத்தி எழுது. இதெல்லாம் முன்னபின்ன ஆகும்."

நீல மையில் கையெழுத்து விழுந்தது.

வெளியே வந்தவன் பஸ்ஸுக்கு நேரமிருந்தும் உடனே கிளம்பவில்லை. காலி ஸ்டூல் பக்கத்தில் நின்றான். சொல்ல வேண்டியதைச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

சனிக்கிழமை மதியம் குழந்தையின் அழுகைச் சத்தம் கேட்டபோது அவன் பிரசவ அறைக்கு வெளியேதான் நின்றிருந்தான். பெண்.

அவளுக்கு இப்போது ஆறு வயது. மேனேஜர் மாறவில்லை. அரைக்கதவும் அப்படியே இருக்கிறது. லீவு லெட்டர்கள் எல்லாம் இப்போது குமாஸ்தாவின் மேஜைக்குத்தான் முதலில் வருகின்றன.

ஆபீஸில் அவருக்குப் பெயர், கும்பிடு.