தேறிய கோதுகள்

மல்வேர்னில் இருந்த தங்கள் வீட்டுக் குசினி மேசையில், சுட்டு முடிந்த தோட்டாக்களின் பித்தளைக் கோதுகளை யசிந்தன் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தான். வெடிப்பில்லாத கோதுகளில்தான் மறுபடி வெடிமருந்து நிரப்பலாம்.

வேலையால் வந்த அவன் மனைவி சஜிதா சப்பாத்தோடேயே கதிரையில் விழுந்தாள்.

“எத்தினை தேறிச்சு?”

“நாப்பது. மற்றதெல்லாம் வாயிலை வெடிப்பு.”

“ஞாயிற்றுக்கிழமைச் சுடுற போட்டிக்கு ரெண்டு பேருக்கும் நூறு வேணுமே.”

“கை போனால் ஆர் பொறுப்பு? இந்த முறை விடுவம்.”

சஜிதா அவன் கழித்தவற்றில் இருபதை எடுத்து, வாய் விளிம்பை நகத்தால் தடவிப் பார்த்தாள். ஒன்றிலும் வெடிப்பில்லை.

“இதெல்லாம் நான் சிவப்பு மையாலை குறி போட்ட என்ரை கோது. உங்கடையிலை எத்தினை கழிச்சனீங்கள்?”

“ஒண்டும் இல்லை,” என்றான், அவளைப் பாராமல்.

“போன வருசம் நாலு புள்ளியாலைதானே உங்களை வெண்டனான். அதுக்கே இப்பிடியோ?”

அவன் தேறிய கோதுகளைத் தன் பக்கம் இழுத்தான்.

“தள்ளியிருங்கோ. நீங்கள் நல்லதெண்டு வைச்ச நாப்பதையும் நான் பாக்க வேணும்.”