தோளில் விழுந்த பல்லி

விற்பனைக்கு வந்த ஒரு வீட்டில் பல்லி ஒன்று குடியிருந்தது. கூடத்துச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். அதற்குள் தின்னத் தின்னத் தீராத கரையான். வீட்டுக்காரர் சுவருக்குப் புது பெயின்ட் அடித்து, விரிசலை மறைத்து ஒரு தினசரி காலண்டரை மாட்டிவிட்டார்.

"இந்த அநியாயத்தைச் சொல்லாமல் விடமாட்டேன்" என்றது பல்லி.

"தாராளமாச் சொல்லு, யார் கேட்கப்போறாங்க?" என்று உள்ளேயிருந்து சிரித்தது ஒரு கரையான்.

வீடு பார்க்கக் குணசீலனும் மனைவி புவனாவும் வந்தார்கள். வாசல் எந்தத் திசை, பூஜை அறை எந்த மூலை என்று பார்த்தார்கள். சுவரைத் தட்டவில்லை. ஒரு குழாயைக்கூடத் திறக்கவில்லை.

"முடிச்சுடலாமா புவனா?" என்றார் குணசீலன்.

"ஐயோ வேண்டாம்! சுவர் பிளந்து கிடக்கு!" என்று கத்தியது பல்லி.

"கேட்டீங்களா, பல்லியே சொல்லிடுச்சு!" புவனா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கண்ணு எதுக்குய்யா இருக்கு உங்களுக்கு?" என்று கத்திக்கொண்டே குணசீலனின் தோளில் தொப்பென்று குதித்தது.

அவர் பதறிப்போய்ச் சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றித் திருப்பினார். விரிசல் அவர் மூக்குக்கு நேரே வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அவரோ அட்டையின் பின்பக்கத்தில், பல்லி விழும் பலனில் விரலை ஓட்டினார்.

"தோள்ல விழுந்தா வெற்றியாம்!"

காலண்டரை அதே ஆணியில் மாட்டினார். கோணலாக இருக்கிறதா என்று தள்ளி நின்று இரண்டு தடவை சரிபார்த்தார்.